67 எடுத்தால் கனடா போய்விடலாமா?

வாசகர் கேள்வி, 17 ஆகஸ்ட் 2023

வயது 38, திருமணம் ஆகவில்லை, பி.இ., கணினித் துறையில் 13 வருடம். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 7. கனடாவின் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக 67 வருகிறது. பாஸ் மார்க்கும் 67தான். அப்போது பணத்தைக் கட்டிவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதானே? எல்லோரும் ஏன் இதை மலை மாதிரிப் பேசுகிறார்கள்?

17 ஆகஸ்ட் 2023, இரவு

கூட்டல் சரி. வயதுக்கு 9, பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 15, மொழிக்கு 22. ஆனால் இந்த 67 எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற நிரந்தரவாச விண்ணப்ப மண்டபத்துக்குள் விடுவதற்கு மட்டும். பந்தியில் இலை கிடைக்குமா என்பது வேறு கணக்கு. உள்ளே போனதும் உங்களை 1200க்கு மறுபடி எடை போடுவார்கள், அதன் பெயர் சிஆர்எஸ். அந்த வரிசையில் மேலே இருப்பவர்களை அவ்வப்போது டிரா நடத்திக் கூப்பிடுவார்கள். முந்தாநாள் நடந்த டிராவில் 4,300 பேருக்கு அழைப்பு, கட் ஆஃப் 496. உங்கள் சிஆர்எஸ் எனக்கு 329 வருகிறது. வயதுக்கு 61, பட்டத்துக்கு 120, மொழிக்கு 110, அப்புறம் மொழியையும் படிப்பையும் அனுபவத்தையும் கோர்த்துக் கொடுக்கும் புள்ளி 38.

329க்கும் 496க்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் சொன்ன மலை.

18 ஆகஸ்ட் 2023

"நான்கிலும் 7 எடுத்திருக்கிறேன், மொழியில் இன்னும் என்ன வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறோம். கனடா ஐஈஎல்டிஎஸ் எண்ணை அப்படியே எடுப்பதில்லை, சிஎல்பி என்ற தன் அளவுக்கு மாற்றுகிறது. வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7 என்றால் சிஎல்பி 9. கேட்டல் மட்டும் 7 என்றால் சிஎல்பி 7தான். அதில் 9 வேண்டுமென்றால் 8 எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு பகுதிதானே என்று விடாதீர்கள். கேட்டல் 8 ஆனால் மொழிப் புள்ளி 110இலிருந்து 124க்குப் போகும். அது சில்லறை. நான்கும் சிஎல்பி 9ஐத் தொட்டுவிட்டதால் கோர்ப்புப் புள்ளி 38இலிருந்து 75க்குத் தாவும். மொத்தம் 51 புள்ளி, ஒரே ஒரு பகுதியில். இந்த ஏற்பாட்டில் எதையாவது பாராட்ட வேண்டும் என்றால் இந்த முரட்டுத்தனத்தைத்தான் பாராட்ட வேண்டும்: மூன்று வருட அனுபவத்துக்கும் பதிமூன்று வருட அனுபவத்துக்கும் சிஆர்எஸ்ஸில் வித்தியாசமே கிடையாது, ஹெட்போனில் வருகிற ஒரு தெருப் பெயரைச் சரியாக எழுதியவனுக்கும் எழுதாதவனுக்கும் 51 வித்தியாசம்.

18 ஆகஸ்ட் 2023, கொஞ்சம் கழித்து

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வாத்தியார் வேலை பார்ப்பது போல இருக்கும். வயது 34, பட்டம் ஒன்று, ஒன்பது வருட வேலை. கேட்டல் 7.5, வாசிப்பு 7.5, எழுத்து 6.5, பேச்சு 7. 67க்கான கணக்கில் எனக்கு 70 வந்தது, அதைப் பார்த்துவிட்டு வீட்டில் இனிப்பு வாங்கினோம். பிறகு சிஆர்எஸ் போட்டால் 357. அதிலும் 30 என் மனைவி தயவு: அவர் முதுநிலைப் பட்டத்துக்கு 10, அவர் ஆங்கிலத்துக்கு 20. கேட்டலிலும் எழுத்திலும் எனக்கு அரை அரை பேண்ட் குறைவு. அந்த இரண்டு அரையும் கிடைத்தால் 408. கழித்துப் பாருங்கள், அதே 51.

எழுத்துத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன், இரண்டு முறையும் 6.5. என் ஆங்கிலத்துக்கு அந்த எண் பிடித்துப்போய்விட்டது.

2 செப்டம்பர் 2023

இன்று காலை என்னைவிட முட்டாள் உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது. மனைவி காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் உங்க பேர்ல போடறோம்?"

பதில் இல்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் யார் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன், அவ்வளவுதான். எட்டு மாதமாக அதை நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வயது 31, முதுநிலை, கணக்கியலில் ஐந்து வருடம், ஐஈஎல்டிஎஸ்ஸில் நான்கும் சிஎல்பி 9. துணை விண்ணப்பதாரராக 20 புள்ளி வாங்கித் தரத்தான் அவர் அந்தத் தேர்வையே எழுதினார். இப்போது அவரை முதலில் வைத்துப் போட்டேன்: வயதுக்கு 90, படிப்புக்கு 126, மொழிக்கு 116, கோர்ப்புப் புள்ளி முழுசாக 100, என்னால் வருவது 24. மொத்தம் 456.

ஒரு பரீட்சையும் எழுதாமல், ஒரு ரூபாயும் செலவழிக்காமல், பெயரை இடம் மாற்றியதில் 99 புள்ளி. கல்யாணமானவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். நான் இனி சார்ந்திருப்பவர் என்ற கட்டத்தில் இருக்கிறேன். வசதியாகத்தான் இருக்கிறது.

11 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் 2021இல் 75 புள்ளிக்கே கூப்பிட்டார்களாமே, அந்த மாதிரி மறுபடி வராதா என்கிறார். கூப்பிட்டது நிஜம். 13 பிப்ரவரி 2021, கட் ஆஃப் 75, அழைப்பு 27,332 பேருக்கு. ஆனால் அது கனடாவிலேயே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கான பிரிவு. பெருந்தொற்றில் எல்லை மூடியிருந்தது, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை அள்ளிக்கொண்டார்கள். அதே நேரத்தில் நம்மைப் போல வெளியே இருப்பவர்களுக்கான டிரா டிசம்பர் 2020க்குப் பிறகு நின்றேபோனது, 6 ஜூலை 2022இல்தான் திரும்ப வந்தது, அதுவும் 557 என்ற கட் ஆஃபோடு. நடுவில் ஒன்றரை வருடம் பிறந்தநாள் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறந்தநாள் என்றதும் ஞாபகம்: 30இலிருந்து வருடத்துக்கு 5 அல்லது 6 போகும். 40 தாண்டினால் இன்னும் வேகம், தனி ஆளுக்கு 40 வயதில் 50 என்றால் 41இல் 39. பட்டியலில் காத்திருக்கும்போதே அந்தத் தேதியில் தானாகக் குறைத்துவிடுவார்கள், வாழ்த்து அட்டையெல்லாம் கிடையாது.

24 அக்டோபர் 2023

அண்ணன் விவகாரம். இங்கே கொஞ்சம் கவனம்.

கனடாவில் உடன்பிறந்தவர் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்று அங்கேயே இருந்தால் சிஆர்எஸ்ஸில் 15 புள்ளி. கேள்வி கேட்ட நம்மவர் "எனக்கு டொராண்டோவில் அண்ணன் இருக்கிறார்" என்று எழுதியிருந்தார், நானும் 15 கூட்டி 344 என்று பதில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பேச்சுவாக்கில் வருகிறது, அது பெரியப்பா மகன். நமக்கு அவரும் அண்ணன்தான், வேறு சொல்லே கிடையாது. கனடாவுக்கு அவர் கசின், ஒரு புள்ளியும் இல்லை. 67 கணக்கிலாவது உறவினருக்கென்று 5 இருக்கிறதே என்றால் அங்கேயும் சித்தப்பா, மாமா, அத்தை, தாத்தா, அக்கா மகன் எல்லோருக்கும் இடம் உண்டு, பெரியப்பா மகனுக்குக் கிடையாது.

சிரிப்பாக இருக்கும், ஆனால் தப்பான தகவல் என்று முடிவு செய்தால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே 329தான். 344 என்று நான் சொன்னதை அடித்துவிடுங்கள்.

25 அக்டோபர் 2023

பிறந்தநாள் வந்துவிட்டது என்கிறார். 323.

9 ஜனவரி 2024

நீண்ட இடைவெளி. எங்கள் 456 நவம்பரில் 451 ஆனது, காரணம் மேலே சொன்ன அதே பிறந்தநாள். டிசம்பர் 8 அன்று அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கென்று தனி டிரா, 5,900 பேர், 481. கணக்கியல் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் 451 போதாது.

மனைவி பிரெஞ்சு படிக்கப்போவதாக அறிவித்திருக்கிறார். பிரெஞ்சில் நான்கு பகுதியிலும் 7ஆம் நிலை, கூடவே ஆங்கிலத்தில் சிஎல்பி 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் 50 புள்ளி கூடுதல். இரண்டாம் மொழி என்ற கணக்கில் இன்னொரு 12. அதைவிடப் பெரிய விஷயம், ஜூலை 2023இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி டிரா நடத்துகிறார்கள். முதல் டிராவிலேயே 439க்குக் கூப்பிட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் என்பதைப் பதிவு செய்துவைக்கிறேன், பின்னால் யாரும் திரித்துவிடக் கூடாது: "இந்த வயசுல புதுசா ஒரு மொழியா, நடக்கிற காரியமா?" 

3 மார்ச் 2024

பிப்ரவரி 29 பிரெஞ்சு டிரா: 336. ஆமாம், முந்நூற்று முப்பத்தாறு. என் ஜனவரிப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

17 ஏப்ரல் 2024

67 என்ற எண் எங்கிருந்து வந்தது, அதை எடுத்துத் தொலைத்தால் குழப்பம் இருக்காதே என்று ஒருவர் திட்டியிருந்தார். நியாயமான திட்டு. பழைய காலத்தில் அது உண்மையிலேயே பாஸ் மார்க்தான். புள்ளி முறையை 1967இல் கொண்டுவந்தபோது 100க்கு 50 எடுத்தால் போதும். 2002இல் புதுச் சட்டம் வந்ததும் 75 ஆக்கினார்கள், ஆளே தேறவில்லை என்று 2003இல் 67க்கு இறக்கினார்கள். அப்போதெல்லாம் தேறியவர்கள் வரிசையில் நின்றால் முறை வரும். முறை வர வருடங்கள் ஆகும், அவ்வளவுதான். வரிசை நீண்டு நீண்டு, கடைசியில் 2012இல் பழைய விண்ணப்பங்களை, சுமார் 2,80,000 பேருடையதை, பணத்தைத் திருப்பிக் கொடுத்து மொத்தமாக மூடிவிட்டார்கள். அந்தப் பாடத்தில்தான் 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தது: வரிசை வேண்டாம், தரவரிசை போதும்.

எனவே 67 இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்கு அதிகாரம் போய்விட்டது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரி, வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பிரிட்டனில் 70 என்கிறார்களே, அதுவும் இப்படியா என்றால், இல்லை. அங்கே 70 எடுத்தால் முடிந்தது, தரவரிசை கிடையாது. ஆனால் அதில் 10 மட்டும்தான் உங்கள் ஆங்கிலத்துக்கு. மீதி 60 வேலை கொடுப்பவர், வேலையின் தரம், சம்பளம். வேலை இல்லாமல் ஒரு புள்ளியும் நகராது.

30 செப்டம்பர் 2024

பிரெஞ்சுத் தேர்வு முடிவு வந்தது. கேட்டல் 7, வாசிப்பு 7, எழுத்து 7, பேச்சு 6.

நான்கும் 7 ஆனால்தான் 50. மூன்று ஏழுக்குப் பாதி என்றெல்லாம் கிடையாது, பூஜ்யம். இரண்டாம் மொழிக் கணக்கில் மட்டும் 10 கிடைத்தது, 461. தனி டிராவிலும் இடமில்லை. பரிசோதகர் முன்னால் "நகரத்தில் சைக்கிள் பாதை தேவையா" என்று வாதாட வேண்டுமாம். மனைவிக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. தமிழில் கேட்டிருந்தால்கூட அன்றைக்குத் திக்கியிருப்பேன் என்கிறார்.

இரவு சாப்பிடும்போது யாரும் எதுவும் பேசவில்லை. மகள்தான் "போன்ஷூர்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

12 டிசம்பர் 2024

நம்மவரிடம் ஒரு ஏஜென்ட், வேலைவாய்ப்புக் கடிதம் ஏற்பாடு செய்து தருகிறேன், 50 புள்ளி கூடும், அதற்கு இவ்வளவு என்று பெரிய தொகை கேட்டிருக்கிறாராம். வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய வேலைக் கடிதம் போலி ஆவணம்தான், மேலே சொன்ன ஐந்து வருடத் தடை இதற்கும் சேர்த்துத்தான். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் போன்ற சட்டத் தொழிலராகவோ, 2021இல் தொடங்கிய குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் (படிக்கும் கல்லூரி அல்ல, அவர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவானவராகவோ இருக்க வேண்டும். பதிவேட்டில் பெயரைப் போட்டு நீங்களே பார்க்கலாம். உங்கள் ஆளின் பெயர் இருக்கிறதா?

14 டிசம்பர் 2024

இல்லையாம்.

9 மார்ச் 2025

ஜனவரி கடைசியில் மறுபடி பிரெஞ்சு. நேற்று முடிவு வந்தது, நான்கும் 7. நவம்பரில் இன்னொரு 5 போயிருந்ததால் அடித்தளம் 446, அதோடு 12, அதோடு 50. 508.

மார்ச் 6இல் பிரெஞ்சு டிரா, 410. முடிவு வந்தது மார்ச் 8. இதற்கு நான் விளக்கம் எழுதப்போவதில்லை.

22 மார்ச் 2025

வந்துவிட்டது. நேற்றைய டிராவில் 7,500 பேர், கட் ஆஃப் 379. மனைவியின் கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், நுரையோடு ஓடினேன்.

379 என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 99 புள்ளியைக் கண்டுபிடித்தோம் என்று 2023இல் குதித்தேனே, இந்த டிராவுக்கு அது தேவையே இல்லை. பிரெஞ்சு என் பெயரில் இருந்திருந்தால், வயதுக்கு 5 போன பிறகும் என் பழைய கணக்கே 414 வந்திருக்கும், அதுவும் போதும். ஆனால் பிரெஞ்சு படித்தது நானில்லை. அவர் பெயர் முதலில் வந்த பிறகுதான் அவருக்கே இது தன் காரியம் என்று ஆனது, அதுவரை எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். 99ஐ எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 25 முதல் வேலைவாய்ப்புக் கடிதத்துக்கான 50, உயர்மட்ட நிர்வாகப் பதவி என்றால் கிடைத்த 200, இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். நம்மவர் அந்த ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்திருந்தால் இப்போது அது என்ன ஆகியிருக்கும்?

30 ஏப்ரல் 2025

அழைப்பு வந்தால் 60 நாள் இருக்கிறது என்பார்கள். எங்களுக்கு மே 20 வரை. ஆனால் மனைவியின் ஐஈஎல்டிஎஸ் முடிவு 3 மே 2023 தேதியிட்டது, இரண்டு வருடம்தான் செல்லும், விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். ஆக எங்கள் 60 நாள் நிஜத்தில் 43. இதை நான் கண்டுபிடித்தது ஏப்ரல் 11. நேற்று அனுப்பிவிட்டோம்.

அதிகம் படுத்தியது வேலை அனுபவக் கடிதம். பதவி, வேலை விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், தேதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மனைவியின் பழைய அலுவலகத்தில் மனிதவளத்துறை "சேர்ந்தார், போனார்" என்று இரண்டு வரிக்கு மேல் கொடுக்க முடியாது என்றது, கொள்கையாம். மூன்று வாரம் கெஞ்சினோம். கடைசியில் அவருடைய முன்னாள் மேலாளர் வேலை விவரத்தைத் தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், சம்பளச் சீட்டுகளை இணைத்து, ஏன் இப்படி என்று ஒரு விளக்கக் கடிதமும் வைத்தோம். இன்னும் வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தோடு நல்ல உறவு இருக்கும்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் குறியீட்டு எண்ணுக்கு என்ஓசி என்று பெயர். நம்மவர் "ஆட்சேபனை இல்லை என்று யாரிடம் வாங்க வேண்டும்" என்று கேட்டார். இந்த என்ஓசி வேறு சார். உங்கள் விசிட்டிங் கார்டில் சாப்ட்வேர் என்ஜினியர் என்று இருந்தாலும் நீங்கள் நாள் முழுக்கச் செய்வது டெஸ்டிங் என்றால் 21231 அல்ல, 22222. பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கிறார்கள்.

பணம்: மூன்று பேருக்கு 22,483 கனடிய டாலர் கணக்கில் காட்ட வேண்டும், கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது, வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பு வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 1,525.

2 செப்டம்பர் 2025

இரண்டு திருத்தம். ஒன்று, மேலே சொன்ன 22,483 ஜூலையில் 23,360 ஆகிவிட்டது, வருடா வருடம் ஏற்றுவார்கள், புது எண்ணைப் பாருங்கள். இரண்டு, ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எங்களுக்கு அனுப்பிய பிறகுதான் கேட்டார்கள், அந்த வரிசையை நம்பிவிடாதீர்கள்.

எங்கள் கோப்பு இன்னும் "பரிசீலனையில்" என்றே நிற்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்கிறேன். மனைவி பார்ப்பதில்லை. பிரெஞ்சில் ஏதோ தொடர் பார்க்கிறார்.

26 அக்டோபர் 2025

நம்மவருக்கு வயது 41. இப்போது ஆஸ்திரேலியா என்கிறார். கணக்குப் போட்டேன்: வயதுக்கு 15, ஆங்கிலம் நான்கிலும் 7 என்பதற்கு 10, பட்டத்துக்கு 15, திருமணம் ஆகாததற்கு 10 (நிஜமாகவே கொடுக்கிறார்கள்). அனுபவத்தில் கணினித் துறை மதிப்பீட்டு அமைப்பு முதல் இரண்டு வருடத்தைப் பொதுவாகக் கழித்துவிடும், கழித்தாலும் எட்டு வருடத்துக்கு மேல் நிற்கும், அதற்கு 15. மொத்தம் 65.

அங்கே குறைந்தபட்சம் எவ்வளவு தெரியுமா? 65. நீங்கள் எங்கே போனாலும் வாசற்படியின் மேலேயே நிற்கிறீர்கள் சார். அங்கேயும் 65க்கு மேல் தரவரிசைதான். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நகரங்களைத் தவிர்த்த பகுதிகளுக்கான 491 விசாவுக்கு மாநிலமோ அங்கிருக்கும் உறவினரோ பரிந்துரைத்தால் 15 கூடும்.

அப்புறம் ஒன்று, இது உங்களுக்குப் பிடிக்கும். சமூக மொழித் தேர்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தேறினால் 5 புள்ளி, அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. இரண்டு உரையாடல், ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் தமிழிலும் பேசுவார்கள், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63, ஒவ்வொன்றிலும் குறைந்தது 29. தமிழ்தானே என்று போகாதீர்கள். மாதிரி உரையாடல் ஒன்றை நேற்று மனைவி வாசிக்க நான் முயன்றேன். வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போடுவது பற்றிய பேச்சு. "ஷ்யூரிட்டி" என்பதற்கு ஜாமீன் என்று வர எனக்கு ஐந்து வினாடி ஆனது, அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விட்டது. மனைவி எனக்கு 6.5 போட்டார்.